மொட்டைப் பாப்பா படம்

வெப்சைட் செய்து கொடுக்கிற தொழிலில் கம்ப்யூட்டர் தெரிந்திருப்பது பாதிதான். 'இந்தப் படம் ஏது?' என்று யாராவது கேட்டால் முகம் மாறாமல் பதில் சொல்லத் தெரிந்திருப்பது மீதி. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, நான் சொல்லப் போவதில் கொஞ்சம் உங்களுக்கும் நடந்திருக்கும். மற்றதெல்லாம் சிவகாசியில் மட்டும்தான் நடக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஊரில் ஒவ்வொரு பட்டாசுக் கம்பெனிக்கும் வெப்சைட் ஆசை பிறந்த வருஷங்கள் அவை. நான் ஓர் அச்சகத்தின் மாடியில் அறை எடுத்து, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு டிஜிட்டல் கேமரா வைத்துக் கடை திறந்தேன். அம்மா சாத்தூரில் டீச்சர் வேலை பார்த்ததால் வருகிறவர்களுக்கெல்லாம் நான் 'டீச்சர் மக'. எனக்கென்று ஒரு பெயர் இருப்பதாக யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. பெயர் போடாமல் படத்தை மட்டும் எடுத்துக்கொள்கிற ஊரில் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள முடியாது.

ஆல்பம்

எங்கள் ஊரில் காலண்டர் ஆர்டர் கொடுக்கப் போனால், அச்சகத்தில் தடித்த ஆல்பம் ஒன்றை எடுத்து மேஜையில் போடுவார்கள். முருகன், மாதா, ரோஜாப்பூ, அருவி, கொழுகொழு குழந்தை எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு நம்பர். நம்பரைச் சொன்னால் போதும், உங்கள் கடைப் பெயரோடு அந்தப் படம் அச்சாகி வந்துவிடும். அதே ரோஜாவைப் பக்கத்துக் கடைக்காரரும் போட்டிருப்பார். யாரும் வருத்தப்பட மாட்டார்கள். அந்த ரோஜாவைப் படம் எடுத்த மனுஷன் யார் என்று கேட்கிற பழக்கம் எங்களுக்கு வந்ததே இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு இன்டர்நெட்டில் படம் தேடிக் காட்டினால் என்ன ஆகும்? திரை முழுக்க வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். பார்த்த மாத்திரத்தில் அவர்களுக்கு விளங்கிவிடும், இதுவும் ஆல்பம்தான் என்று. திருட வேண்டும் என்ற எண்ணம் அதில் துளியும் கிடையாது. நாரணாபுரத்து முதலாளி ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தார். இவை ஒவ்வொன்றும் யாரோ எடுத்த படம், எடுத்தவரைக் கேட்காமல் நாம் போடக்கூடாது என்று நானும் பொறுமையாக விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு திரையில் ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார்.

"அதெல்லாம் சரிதாம்மா. இந்தா, பாலத்துக்கு மேல வாணம் வெடிக்குல்ல, இதைப் போட்டுருங்க. இதுக்கு நம்பர் எங்கன எழுதியிருக்கு?"

பாலத்துக்கு மேல் வாணம்

நான் போட மறுத்தேன். அவருடைய அண்ணன் மகன் மதுரையில் கம்ப்யூட்டர் படித்தவன். என்னிடம் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு போய் அவனே போட்டுவிட்டான். சில மாதம் கழித்து எனக்கு ஒரு மெயில் வந்தது. வெப்சைட்டின் அடியில் என் முகவரிதானே இருக்கிறது, அடி எனக்குத்தான் விழும். ஏதோ குளிர் தேசத்துப் புகைப்படக்காரர். மிரட்டவில்லை, திட்டவில்லை. அந்தப் படத்துக்காக ஆற்றங்கரையில் விரல் விறைக்க நின்றேன், அதை எடுத்துக்கொள்ள உங்களுக்கு அனுமதி கொடுத்தது யார் என்று மட்டும் கேட்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த 'விரல் விறைக்க' என்னை என்னவோ செய்தது.

மெயிலை எடுத்துக்கொண்டு நாரணாபுரம் போய் முதலாளிக்குத் தமிழில் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. கணக்குப்பிள்ளையைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு யோசித்தார். கடைசியில் அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத்தான் சிரிப்பு வந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. படம் எடுத்தவருக்குப் பெயர் இருக்கிறது, உரிமை இருக்கிறது. அந்த வானத்தில் பூத்ததை உருட்டி, மருந்து அடைத்து, காயவைத்த கைகளுக்கு எந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது? படத்தை எடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினேன். முதலாளியின் கேள்வியை மட்டும் அனுப்பவில்லை.

"வாணம் எங்கன வாங்குனதுன்னு அவரைக் கேளுங்கம்மா. நம்ம சரக்குன்னா அந்தப் படத்துல நமக்கும் பங்கு உண்டுல்ல?"

வட்டத்துக்குள் ஒரு சி

இன்னொருவர் வேறு கம்பெனியின் வெப்சைட்டை அச்செடுத்துக் கொண்டுவந்து, அப்படியே இதே மாதிரி வேண்டும் என்றார். அச்செடுத்த தாளின் அடியில், இதில் உள்ளவற்றை யாரும் நகல் எடுக்கக் கூடாது, உரிமை எங்களுக்கே என்று அந்தக் கம்பெனியின் பெயரோடு ஒரு வரியும் காப்பிரைட் அடையாளமும் இருந்தன. அதையும் படித்துக் காட்டி அர்த்தம் சொன்னேன். நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார். மேலே இருக்கிற பூவேலையை விட்டுவிடலாம், எழுத்தின் கலரைக்கூட மாற்றிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மையோடு இறங்கி வந்தார். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நின்றார்.

"அடியில அந்த வட்டத்துக்குள்ள சி இருக்கு பாருங்க, அதை மட்டும் விட்டுறாதீக. அது இருந்தாத்தான் எடுப்பா இருக்கு."

பூக்கிற சரக்கு

இதற்கெல்லாம் பிறகு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சொந்தப் படம் இருந்தால்தான் வெப்சைட். சொல்வது சுலபம். பட்டாசு ஆலைக்குள் செல்போனையே கேட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கேமராவோடு என்னை விடுவார்களா? ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஆலை வைத்திருந்த தங்கவேல் அண்ணாச்சி வந்தபோது, உங்களுடைய படம் என்று சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு பூச்சட்டிப் பெட்டியை, புஸ்வாணம் என்பீர்களே அதை, எடுத்து வைத்தார்.

பெட்டியில் ஒரு பாப்பா. மற்ற கம்பெனிப் பாப்பாக்களைப் போலச் சுருட்டை முடியும் நீலக் கண்ணுமாக இல்லை. மொட்டைத் தலை, தலை நிறையச் சந்தனம், கையில் சிவப்பு பிளாஸ்டிக் டெலிபோன், வாய் கொள்ளாத சிரிப்பு. அண்ணாச்சியின் ஒரே மகள் சுதா. இருக்கன்குடியில் முதல் மொட்டை போட்ட அன்று, கோயில் பக்கத்து ஸ்டூடியோவில் எடுத்த படம். வியாபாரிகள் கம்பெனிப் பெயரைச் சொல்வதில்லை, 'மொட்டைப் பாப்பா சரக்கு' என்றுதான் கேட்பார்களாம். அந்தப் பாப்பா இப்போது மதுரையில் காலேஜ் படிக்கிறாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. ஸ்கேன் செய்து முகப்பில் போட்டேன். டெலிபோன் இருந்தால் போன் கம்பெனி என்று நினைத்துக்கொள்வார்கள் என்று அண்ணாச்சி சொன்னதால், அதை மட்டும் திரையில் அழித்துவிட்டேன். பாப்பா எதையோ பிடித்தபடி வெறுங்கையை மடக்கிக்கொண்டு நின்றாள். வேலை முடிகிற சமயத்தில் அண்ணாச்சியின் மனைவி ராஜாத்தி அக்கா மாடியேறி வந்தார். கம்பெனியை முன்பு இவர்களும் அக்காவின் தம்பி செல்வமும் கூட்டாக நடத்தியதையும், பங்கு பிரிந்த பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதையும் அன்றுதான் சொன்னார். பிறகு வந்த காரியத்துக்கு வந்தார். வெடி மேல் சுற்றிய லேபிள் வெடியோடு சேர்ந்து தூளாகிவிடும். பூச்சட்டி எரிந்து முடிந்தாலும் அதன் மேல் இருக்கிற படம் முழுசாக இருக்கும். அதனால் ஆரம்பத்திலிருந்தே அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு.

"பூக்கிற சரக்குல எம் பிள்ளை இருக்கட்டும்மா. வெடிக்கிற சரக்குல மட்டும் போட்டுறாதீக. எவன் காலுக்குக் கீழயும் அவ மூஞ்சி துண்டு துண்டாக் கெடக்கக் கூடாது."

வெறுங்கை

அடுத்த வருஷம் சீசன் சூடு பிடித்திருந்தது. கீழே குருசாமி அண்ணாச்சியின் அச்சகத்தில் மிஷின் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. டீ குடிக்க இறங்கியவள், அடுக்கி வைத்திருந்த லேபிள் தாள்களைப் பார்த்து நின்றுவிட்டேன். தாள் முழுக்க மொட்டைப் பாப்பா. வரிசைக்கு வரிசை அதே சந்தனம், அதே சிரிப்பு. கையைப் பார்த்தேன். டெலிபோன் இல்லை. வெறுங்கை மடங்கியிருந்தது.

பெட்டியைப் பார்த்து எடுத்திருந்தால் டெலிபோன் இருந்திருக்கும். இது நான் அழித்த படம், என் வெப்சைட்டிலிருந்து எடுத்து இழுத்துப் பெரிதாக்கியது. நான் அழித்த இடத்தில் விட்டுப்போன ஒரு சிவப்புப் புள்ளிகூட அப்படியே இருந்தது. அதை விடுங்கள். படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் பூச்சட்டி என்று இல்லை, அணுகுண்டு என்று இருந்தது. கம்பெனி யாருடையது என்று பார்த்தேன். பைபாஸ் ரோட்டில் கடை போட்டிருந்த செல்வம், ராஜாத்தி அக்காவின் உடன்பிறந்த தம்பி. இத்தனை நாள் ஊரான் படத்துக்காக மற்றவர்களோடு மல்லுக்கட்டியவள் நான். என் கைபட்ட படத்தை இன்னொருத்தர் எடுத்துப் போட்டதைப் பார்த்ததும் வந்த கோபம், எனக்கே புதிதாக இருந்தது. குளிரில் நின்ற அந்த மனுஷன் நினைவுக்கு வந்தார். குருசாமி அண்ணாச்சியைக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்.

"சி.டி.ல கொண்டாந்தாகம்மா. படம் கொஞ்சம் பல்லுப் பல்லாத்தான் இருக்கு. ஆனா பாப்பா நல்ல பாப்பா."

காசு கொடுத்தது யார்

விஷயத்தைச் சொன்னதும் ராஜாத்தி அக்கா சத்தம் போடவில்லை, அழவில்லை. லேபிள் ஒட்டி லோடு ஏறிவிட்டதா என்று மட்டும் கேட்டார். இன்னும் இல்லை. ஆனால் ஏறப் போகிறது. ஏறிவிட்டால் தீபாவளியன்று எந்தெந்த ஊர்த் தெருவிலோ அந்த முகம் வெடித்துச் சிதறும், பிறகு யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. அன்று முழுக்க அந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்று தங்கவேல் அண்ணாச்சி சொன்னார். மூட நம்பிக்கை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெற்றவளுக்கு அது படம் இல்லை.

அண்ணாச்சியும் நானும் விருதுநகரில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனோம். வழியெல்லாம் நான் சட்டம் பேசிக்கொண்டே போனேன். படம் நம்முடையது, ஒரு நோட்டீஸ் அனுப்பினால் போதும், ஆள் ஆடிப்போய்விடுவார் என்றெல்லாம் தைரியம் சொன்னேன். வக்கீல் பெட்டியையும் லேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த மாதிரி ஸ்டூடியோ படம் என்றால், வேறு பேச்சு இல்லாத பட்சத்தில், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் உரிமை என்றார். நான் வெற்றியோடு அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மொட்டை தாய்மாமன் மடியில் உட்காரவைத்துப் போடுவது. சட்டை, கொலுசு, அன்றைய செலவு எல்லாம் மாமன் சீர். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஸ்டூடியோவையும் அதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எதிராளியின் பக்கத்தை நம் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற வேதனை அவர் குரலில் இருந்தது.

"போட்டோவுக்குக் காசு கொடுத்தது மச்சினந்தான் சார். அன்னைக்கு என்னைப் பையில கைய விடவே அவன் விடலை."

மாமன் கடை

ராஜாத்தி அக்கா தம்பி கடைப் படி ஏற மாட்டேன் என்றுவிட்டார். அண்ணாச்சி போனால் கைகலப்பில் முடியும். லீவுக்கு வந்திருந்த சுதா, நான் போகிறேன் என்றாள். படத்தைச் செய்தவள் என்று என்னையும் கூட அழைத்துக்கொண்டாள். கையில் சட்டம் இல்லாமல் சண்டைக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை.

கடை முழுக்க அட்டைப்பெட்டிகள். செல்வம் அண்ணாச்சி உள்ளே நின்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார். பங்கு பிரிந்த பிறகு மருமகளை அவர் பார்க்கவே இல்லை. சுதா வாசலில் நின்றதும், முதலில் அவர் கண் போனது அவள் தலைமுடிக்குத்தான். இடுப்பு வரைக்கும் பின்னல். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அவளிடம் பேச முடியாமல் என்னிடம் வீம்பாகப் பேச ஆரம்பித்தார். என் மடியில் வைத்து மொட்டை போட்ட பிள்ளை, காசு கொடுத்துப் படம் எடுத்தவன் நான், நீங்கள் வக்கீலைப் பார்த்தது என் காதுக்கும் வந்தது, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. சட்டம் உங்கள் பக்கம்தான் என்றேன். அதைக் கேட்டு அவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

சுதா ஒரு லேபிளை எடுத்துப் பார்த்தாள். "வெடியில போடக் கூடாதுன்னு அம்மா சொல்லுவாகளே, உங்களுக்குத் தெரியும்ல மாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். தெரியும் என்று தலையசைத்தார். அப்புறம் ஏன் என்று அவள் கேட்கவில்லை, லேபிளை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அதை அவரால் பார்க்க முடியவில்லை.

"பிரிக்கையில எனக்கு வெடி ஷெட்டைத்தான கொடுத்தாக. பூக்கிற சரக்கு எங்கிட்ட எது இருக்கு தாயி, உன்னையப் போட?"

நான் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியதை அட்டைப்பெட்டிகள் மட்டும் பார்த்தன. களவுக்காரரைப் பிடிக்க வந்த இடத்தில், பங்கு கிடைக்காத ஒரு மனுஷனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலையைப் பிரித்தார்கள், லைசென்ஸைப் பிரித்தார்கள், நாற்காலி மேஜையைக்கூடப் பிரித்தார்களாம். மடியில் உட்கார்ந்த பிள்ளையின் சிரிப்பு எந்தப் பக்கம் சேர்த்தி என்று யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அதைத்தான் அவர் என் வெப்சைட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். எங்களில் ஒருத்தருக்கும், வக்கீலையும் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், படத்தில் இருக்கிறவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்கவில்லை. சுதா லேபிளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பூச்சட்டியை அம்மாகிட்ட கேளுங்க மாமா. படத்தை எங்கிட்ட கேளுங்க, நான் தாரேன்."

அனுமதி

அந்த லேபிள்கள் ஒட்டப்படவில்லை. செல்வம் அண்ணாச்சியே குருசாமி அண்ணாச்சியின் அச்சகத்துக்கு வந்து, ஆல்பத்தைப் புரட்டி, நம்பர் சொல்லி ஒரு ரோஜாப்பூவை வாங்கிக்கொண்டார். அந்த வருஷம் அவருடைய அணுகுண்டு ரோஜாப்பூவோடு கொஞ்சம் தாமதமாகத்தான் லோடு ஏறியது. தீபாவளியன்று மொட்டைப் பாப்பா எங்கேயும் வெடிக்கவில்லை.

பொங்கல் கழிந்து அவர் அக்கா வீட்டுப் படியேறியதாகக் கேள்விப்பட்டேன். பங்கு கேட்கவில்லை, உங்கள் பூச்சட்டியை என் கடையில் வைத்து விற்கட்டுமா என்று கேட்டாராம். ராஜாத்தி அக்கா முதலில் சாப்பிட உட்காரச் சொன்னாராம். அடுத்த சீசனுக்குச் செல்வம் அண்ணாச்சி கடை வெப்சைட்டைச் செய்கிற வேலை எனக்கே வந்தது. வெடிக்கெல்லாம் ரோஜா. பூச்சட்டிக்கும் கம்பி மத்தாப்புக்கும் மொட்டைப் பாப்பா.

நான் விடவில்லை. படத்தில் இருப்பவரின் அனுமதி எழுத்தில் வேண்டும் என்றேன். எங்கள் ஊரில் இப்படி ஒன்றை யாரும் கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை. மதுரையில் ஏதோ பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சுதா எனக்கு மெயில் அனுப்பினாள். பழைய பெட்டியைத் தேடியெடுத்து, மறுபடி ஸ்கேன் செய்து, நான் அழித்ததைத் திருப்பிக் கொண்டுவர எனக்கு ஒரு நாள் முழுக்கப் பிடித்தது.

"படத்தைப் போட்டுக்கோங்க அக்கா. ஆனா கையில இருக்கிற டெலிபோனை அழிக்காதீங்க. அது அன்னைக்கு மாமா வாங்கித் தந்தது."

படத்தைச் சுட்டுப் போடுவது ஒரு நிமிஷ வேலை. கேட்டு வாங்கப் போனால் ஒரு குடும்பத்தின் கதை முழுவதையும் கேட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது, அதனால்தான் நம் தொழிலில் பெரும்பாலோர் கேட்காமலேயே இருந்துவிடுகிறார்கள் போலிருக்கிறது.